அக்காவின் நீல ஆளிச் செடியும் நான் காட்டிய படமும்

அக்கா நம்மை விட்டுப் போய் இந்த மாதத்தோடு ஓராண்டு ஆகிறது. இந்த நினைவு மலருக்காக அவருடைய வாழ்க்கையை எழுதித் தரும் பொறுப்பை அவருடைய ஒரே மகள் மாலினி என்னிடம் ஒப்படைத்தாள். "சித்தி, நீங்கதான டீச்சர். நீங்களே எழுதுங்க" என்றாள். எழுதி எழுதிக் கிழித்தேன். முப்பது வருடம் பிள்ளைகளுக்குக் கட்டுரை எழுதக் கற்றுக்கொடுத்தவளுக்குச் சொந்த அக்காவைப் பற்றி இரண்டு பக்கம் எழுத வரவில்லை. எழுத வராததற்குக் காரணம் துக்கம் மட்டும் அல்ல. அதை உரிய இடத்தில் சொல்கிறேன்.

ஈப்போவுக்கு வடக்கே செமோருக்கு அருகில் ஒரு ரப்பர் தோட்டத்தில், தொழிலாளர் லயத்து வீடொன்றில் அக்கா பிறந்தார். அவருக்கு ஐந்து வருடம் கழித்து நான். வீட்டில் நாங்கள் இருவர்தான் பிள்ளைகள். அப்பாவும் அம்மாவும் பால்மரம் வெட்டி ரப்பர் பால் எடுத்தார்கள். அக்கா மூன்றாம் படிவம் முடித்த வருடம் அப்பா காய்ச்சலில் படுத்து எழாமல் போய்விட்டார். அதற்குப் பிறகு அக்கா பள்ளிக்கூடம் போகவில்லை. யாரும் அவரைப் போகாதே என்று சொன்னதாக எனக்கு நினைவில்லை. ஒரு நாள் காலையில் விழித்துப் பார்த்தேன். பள்ளிச் சீருடை கொடியில் தொங்கிக்கொண்டிருந்தது, அக்கா அம்மாவோடு வெட்டுக்குப் போயிருந்தார். அந்தச் சீருடையை வெட்டிச் சிறிதாக்கி எனக்குத் தைத்துக் கொடுத்தவரும் அவர்தான்.

நான் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரிக்குப் போகும் வரை அக்கா திருமணத்துக்குச் சம்மதிக்கவில்லை. பிறகு அத்தானைக் கைப்பிடித்தார். அத்தான் லாரி ஓட்டுநர், சிரித்த முகம், அக்காவின் பேச்சை மீறாதவர். தோட்டத்தைக் கம்பெனி விற்று மரங்களைச் சாய்த்தபோது குடும்பம் ஈப்போவில் ஜெலாப்பாங்குக்குக் குடிபெயர்ந்தது. அங்கே ஒரு கையுறைத் தொழிற்சாலையில் அக்காவுக்கு வேலை கிடைத்தது. ஓய்வு பெறும் வரை அதே வேலைதான். கையுறைக்குள் காற்றைப் பிடித்து, விளக்கு வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, ஊசிமுனை ஓட்டை இருந்தாலும் கண்டுபிடித்து ஒதுக்க வேண்டும். "உங்கக்கா கண்ணுல தப்பிச்சு ஒண்ணு போவாது" என்று அவரோடு வேலை செய்தவர்கள் என்னிடம் பெருமையாகச் சொல்வார்கள்.

அக்கா அதிகம் பேசமாட்டார். பேசினால் உள்ளதைச் சொல்வார். அம்மாவுக்கு வயிற்றில் புற்றுநோய் என்று தெரிந்தபோது, அவரிடம் சொல்ல வேண்டாம் என்று அக்காவைத் தவிர நாங்கள் எல்லோரும் ஒருமுகமாக முடிவு செய்திருந்தோம். "சாதாரணப் புண்ணு, மருந்து சாப்பிட்டா ஆறிடும்" என்று நானே அம்மாவிடம் சொல்லிவிட்டேன். அக்கா என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"ஏன் அப்படிச் சொன்னே?"

"பயந்துருவாங்க அக்கா."

"யாரு, அம்மாவா, நீயா? அவங்க உடம்பு அது. அவங்களுக்குத் தெரியாம நாம மட்டும் தெரிஞ்சு வச்சிக்கிட்டு என்ன செய்யப்போறோம்?"

அன்றே அவர் அம்மாவின் அருகில் உட்கார்ந்து, கையைப் பிடித்துக்கொண்டு உண்மையைச் சொன்னார். அம்மா அழுதார். பிறகு யார் யாரைப் பார்க்க வேண்டும் என்று ஒவ்வொரு பேராகச் சொல்ல ஆரம்பித்தார். அந்தப் பேர்களில் ஒருவர் விடாமல் அக்கா கூட்டி வந்து காட்டினார்.

அத்தான் காலமான மறு வருடம் அக்கா வேலையிலிருந்து ஓய்வு பெற்றார். மாலினி சிங்கப்பூரில் வேலைக்குப் போய்விட்டாள். வீட்டில் அக்கா தனி. அந்தச் சமயத்தில்தான் பழைய தொழிற்சாலைத் தோழிகளோடு கேமரன் மலைக்குப் போனவர், அங்கே ஒரு நாற்றுப் பண்ணையில் வேலியோரமாக அந்தச் செடியைப் பார்த்தார். கம்பி போல் மெல்லிய தண்டு, ஊசியாய்ச் சின்னச் சின்ன இலை, உச்சியில் ஐந்து இதழோடு வெளிர்நீலப் பூ. காற்றே இல்லாதபோதும் ஆடிக்கொண்டிருந்ததாம். ஆளிச் செடி. மளிகைக் கடையில் கொழுப்பு குறையும் என்று விற்கிறார்களே ஆளிவிதை, அதன் உறவுக்காரச் செடி. கடையில் விற்கும் விதையைத் தரும் செடி ஒரு பருவத்தில் முடிந்துவிடும். இது வருடா வருடம் துளிர்த்து நிற்கும்.

விதை கேட்டபோது பண்ணைக்காரச் சீனர் மலாயில் சொன்னாராம்: "கீழே ஈப்போவுல சூசா லா, அம்மா, ரொம்பக் கஷ்டம். சூடு, மழை. செத்துரும்."

"செத்தா மறுபடி போடுறேன் லா, தவுக்கே" என்று அந்த முதலாளியிடம் சொல்லி அக்கா விதை வாங்கிக்கொண்டு வந்தார்.

பண்ணைக்காரர் சொன்னது சரிதான். முதல் முறை போட்ட விதை முளைத்து, மழைக்கு அடி அழுகி ஒரே வாரத்தில் படுத்துவிட்டது. இரண்டாவது முறை சின்னத் தட்டில் முளைக்கவைத்துத் தொட்டிக்கு மாற்றினார். ஆணி மாதிரி நேராக இறங்கும் வேர் அதற்கு. பிடுங்கி நட்டதும் எல்லாம் வாடிவிட்டது. மூன்றாவது முறை அக்கா அவசரப்படவில்லை. ஆழமான நான்கு தொட்டிகளை வாங்கினார். பழைய ஈயச் சுரங்கக் குட்டையோரத்திலிருந்து மணல் அள்ளி வந்து, மண்ணோடு பாதிக்குப் பாதி கலந்தார். தண்ணீர் தேங்காமல் இருக்கச் சுண்ணாம்புக்கல் சில்லுகளைத் தொட்டியின் அடியில் பரப்பினார். விதையைக் குளிர்பெட்டியில் சில நாள் வைத்திருந்து, நேராகத் தொட்டியிலேயே தூவி, மேலே விரல்நுனியால் கொஞ்சம் மணலைத் தள்ளிவிட்டார். தொட்டிகளை வீட்டின் கிழக்குப் பக்கத்தில் கூரைத் தாழ்வாரத்துக்குக் கீழே வைத்தார். காலை வெயில் படும், மத்தியான வெயிலும் மாலை மழையும் படாது. விரலை மண்ணுக்குள் விட்டு இரண்டு கணு ஆழம் காய்ந்திருந்தால் மட்டும் தண்ணீர், அதுவும் அடியில்.

நான்கு தொட்டியிலும் செடி நின்றது. ஒரு வருடத்துக்கு மேல் பூவே இல்லை. "புல்லை வளக்குறீங்களா அக்கா?" என்று நான் கேலி செய்திருக்கிறேன். ஒரு நாள் காலை ஏழரைக்கு எனக்குத் தொலைபேசி வந்தது. நான் பள்ளியில் முதல் பாடத்துக்குப் போய்க்கொண்டிருந்தேன்.

"பூத்திருக்கு. வந்து பாரு."

"ஸ்கூல்ல இருக்கேன் அக்கா. சாயங்காலம் வாரேன்."

"சாயங்காலம் இருக்காது. பதினோரு மணிக்கெல்லாம் இதழ் கொட்டிரும். நாளைக்கு வேற பூ. காலைல வரணும்."

நான் சாயங்காலம்தான் போனேன். நீல இதழ்கள் சிமெண்டுத் தரையில் கிடந்தன. அக்கா அவற்றைப் பெருக்காமல் எனக்காக விட்டு வைத்திருந்தார்.

அதற்குப் பிறகு பலமுறை கூப்பிட்டார். சனி, ஞாயிறு இருந்ததே என்று நீங்கள் கேட்கலாம். இருந்தது. சனிக்கிழமை எனக்கு டியூஷன் வகுப்பு. ஞாயிற்றுக்கிழமை ஏதாவது கல்யாணம், இல்லையென்றால் தூக்கம். பெர்ச்சாமில் இருக்கும் என் வீட்டிலிருந்து ஜெலாப்பாங்குக்கு இருபது நிமிடம் போதும். ஒருமுறை கொஞ்சம் எரிச்சலாகவே, "ஒரு பூவுக்காக இவ்வளவா அக்கா?" என்று கேட்டுவிட்டேன். அக்கா கோபப்படவில்லை.

"பதினஞ்சு வயசுலேருந்து என் காலையெல்லாம் வேலைக்குத்தான் போச்சு. மொத மரம், அப்புறம் பேக்டரி. இப்பதான் எனக்குன்னு காலை நேரம் இருக்கு. தனியா பார்க்குறேன், அதான் கூப்பிட்டேன்" என்றார். அதற்குப் பிறகு அவர் என்னைக் கூப்பிடுவது குறைந்துபோனது.

அந்தப் பூக்களை அவரோடு தினமும் பார்த்தவர் பக்கத்து வீட்டு சபியா அக்கா. அவருடைய கணவர் ஜெலாப்பாங்கில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிறார். சபியா அக்கா காலையில் தேநீரோடு வேலிப்பக்கம் வந்து நிற்பார். இருவரும் பூ எண்ணுவார்களாம்.

சென்ற ஆண்டு அக்காவுக்கு இருதயம் பலவீனமாகி, கால் வீங்கி, மூச்சு வாங்கியது. மருத்துவமனையில் சேர்த்தோம். படுத்த முதல் நாளே அவர் கேட்டது செடியைப் பற்றித்தான்.

"சபியாகிட்ட சொல்லட்டுமா?" என்றார்.

"எதுக்கு? நான் இருக்கேன்ல. நான் பாத்துக்குறேன்" என்றேன்.

"விரலை விட்டுப் பாத்துட்டு ஊத்து. தொட்டியை நகத்தாதே. பூத்து முடிஞ்ச தண்டைப் பாதிக்கு வெட்டி விடு, மறுபடி துளுக்கும்."

சரி, சரி என்று தலையாட்டினேன். அத்தனை காலை நேரங்களைத் தவறவிட்டவளுக்கு, இந்த ஒன்றையாவது ஒழுங்காகச் செய்துவிட வேண்டும் என்று வெறி வந்துவிட்டது. தினமும் பள்ளி முடிந்து நேராக அக்கா வீட்டுக்குப் போனேன். தினமும் தொட்டிக்கு ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றினேன். விரலை விட்டுப் பார்க்கவில்லை. மண் மேலே காய்ந்து தெரிந்தது, அது போதும் எனக்கு. தாழ்வாரத்து நிழலில் செடி சோர்ந்து தெரிகிறதே என்று நான்கு தொட்டிகளையும் வெளி வெயிலுக்கு இழுத்து வைத்தேன். அந்த வாரம் முழுவதும் மாலையில் அடைமழை. ஈப்போவின் மழை எப்படி என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. தண்டுகள் மஞ்சளாகிச் சாய்ந்தன. நான் பயந்துபோய் இன்னும் தண்ணீர் ஊற்றினேன். ஒரு நாள் ஒரு செடியைத் தொட்டேன், அது கையோடு வந்துவிட்டது. வேர் கறுத்து நாறியது. மற்ற மூன்றும் அப்படித்தான். நான்கையும் பிடுங்கிக் குப்பைப் பையில் கட்டிப் போட்டேன்.

மறுநாள் மருத்துவமனையில் அக்கா கேட்டார்: "பூக்குதா?"

"பூக்குது அக்கா."

"போட்டோ எடுத்துட்டு வாயேன்."

இணையத்தில் தேடினேன். நீல ஆளிப் பூ ஆயிரம் படம் இருந்தது. அக்காவின் பூ எந்த நீலம் என்றுகூட எனக்குத் தெரியாது, ஏனென்றால் விரிந்த பூவை நான் ஒருநாளும் பார்த்ததில்லை. தொட்டியும் சுவரும் தெரியாமல் பூ மட்டும் நெருக்கமாக இருந்த ஒரு படத்தை எடுத்துக்கொண்டேன். மாலை ஐந்து மணிக்குப் பார்வை நேரத்தில் அக்காவிடம் நீட்டினேன்.

"இப்பதான் எடுத்தேன் அக்கா. வீட்டுலேருந்து நேரா வாரேன்."

அக்கா தொலைபேசியை வாங்கினார். படத்தை விரலால் பெரிதாக்கிப் பார்த்தார். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுபடி படத்தைப் பார்த்தார்.

"அழகா இருக்கு" என்றார். "எத்தனை பூ?"

"ஏழெட்டு இருக்கும்."

"ம். எனக்கு அனுப்பி விடு."

அனுப்பினேன். அடுத்த நாட்களில் அந்தப் படத்தை அவர் தாதியரிடம் காட்டுவதைப் பார்த்தேன். "என் தங்கச்சி கொண்டாந்த படம்" என்றுதான் சொன்னார். என் செடி, என் பூ என்று ஒருமுறைகூடச் சொல்லவில்லை. அதை நான் அப்போது கவனிக்கவில்லை. அதற்குப் பிறகு செடியைப் பற்றி அவர் என்னிடம் எதுவும் கேட்கவும் இல்லை. நான் தப்பித்தேன் என்று நினைத்தேன்.

படம் காட்டியதிலிருந்து பத்து நாள் அக்கா உயிரோடு இருந்தார். பத்து நாளும் நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். கஞ்சி ஊட்டினேன், தலை வாரினேன், கால் பிடித்துவிட்டேன். ஒருநாள் அவர், "உனக்கு ஏதாவது சொல்லணுமா?" என்று கேட்டார். "ஒண்ணும் இல்லையே அக்கா, ஏன்?" என்றேன். "சும்மா" என்று சொல்லிக் கண்ணை மூடிக்கொண்டார். மாலினி விடுப்பு எடுத்து வந்து மூன்று நாள் அவரோடு இருந்தாள். மகளின் கையைப் பிடித்தபடி, ஒரு விடியற்காலையில் அக்கா அடங்கினார்.

இறுதிச் சடங்குக்கு வந்த உங்களில் பலருக்கு நான் அந்தப் படத்தைக் காட்டினேன். "அக்கா வளர்த்த பூ, அவங்க கடைசியா பார்த்த பூ" என்று சொல்லி அழுதேன். கேட்டவர்களுக்கெல்லாம் வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். இந்த மலரின் அட்டையிலும் அதையே போடலாம் என்று மாலினி ஆசைப்பட்டாள், நானும் சரி என்றேன். சொல்லச் சொல்ல எனக்கே அது அக்காவின் பூ என்று ஆகிவிட்டது.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து கூட்டம் கலைந்த பிறகு, சபியா அக்கா என்னைச் சமையலறைப் பக்கம் அழைத்தார்.

"தப்பா எடுத்துக்காதே. அந்தப் படத்தை இனிமே யாருக்கும் காட்டாதே தங்கச்சி."

"ஏன் அக்கா?"

"ஒங்க அக்காவுக்குத் தெரியும்."

அவர் மெதுவாகச் சொன்னார். நான் படம் காட்டிய அன்று மாலையே அக்கா அவருக்குத் தொலைபேசி செய்திருக்கிறார். வேலிப்பக்கம் போய்ச் செடியைப் பார்க்கச் சொல்லியிருக்கிறார். தொட்டி வெயிலில் கிடக்கிறது, செடி இல்லை என்று சபியா அக்கா சொல்லியிருக்கிறார்.

"அஞ்சு மணிக்குப் பூ ஏது சபியான்னு கேட்டாங்க. சிரிச்சாங்க. அப்புறம் சொன்னாங்க, அவகிட்ட ஒண்ணும் கேட்டுறாதீங்க, பயந்துபோயி சொல்லிட்டா, அவளா சொல்லட்டும்னு. நானும் வாயத் தொறக்கலே. ஆனா நீ ஒவ்வொருத்தர்கிட்டயும் காட்டிக் காட்டி அழுவுறே. எனக்குப் பார்த்துக்கிட்டு இருக்க முடியலே."

அவளா சொல்லட்டும். பத்து நாள் அக்கா அதற்காகக் காத்திருந்தார். ஒருநாள் வாய்விட்டே கேட்டும் பார்த்தார். செடி போனதற்காக அவர் என்னைத் திட்டியிருக்க மாட்டார் என்று எனக்கு நன்றாகத் தெரியும். இரண்டு முறை அதே செடியைச் சாகக் கொடுத்தவர் அவர். எங்கே தப்பு செய்தேன் என்று எனக்குப் பொறுமையாக விளக்கியிருப்பார். அந்தப் பேச்சு எங்களுக்குக் கடைசிப் பேச்சாக இருந்திருக்கும். நான் அதற்கு இடம் கொடுக்கவில்லை. பயந்தது யாரு, அம்மாவா, நீயா என்று அம்மாவின் விஷயத்தில் அவர் என்னைக் கேட்டார்; முப்பது வருடம் கழித்தும் பயந்தது நான்தான்.

மாலினியிடம் சொல்ல எனக்கு மூன்று மாதம் ஆனது. தொலைபேசியில் சொன்னேன். முழுவதையும் கேட்டாள். பிறகு, "அம்மா இதை எங்கிட்டகூடச் சொல்லலையே சித்தி" என்றாள். அழுகிறாளா என்று தெரியவில்லை. மறுநாள் காலையில் அவளே கூப்பிட்டாள். "அட்டையில அந்தப் படம் வேணாம். ஆனா ஏன் வேணாம்னு நீங்களே எழுதிடுங்க" என்றாள். அட்டையில் நீங்கள் பார்ப்பது அக்காவின் தொழிற்சாலை அடையாள அட்டைப் படம். நேராகப் பார்க்கிறார், சிரிக்கவில்லை. அவர் அப்படித்தான் இருப்பார்.

ஆகவே உறவினர்களிடமும் நண்பர்களிடமும் கேட்டுக்கொள்கிறேன். உங்கள் தொலைபேசியில் அந்த நீலப் பூ இன்னும் இருந்தால் அழித்துவிடுங்கள். அது யாரோ, எந்த ஊரிலோ வளர்த்த பூ. அக்கா வளர்த்த செடிகள் நான்கு. அவற்றைக் கொன்றவள் நான்.

அக்கா எடுத்து வைத்திருந்த விதை அவருடைய குளிர்பெட்டியில் ஒரு சின்னப் போத்தலில் இருந்தது. ஆறு மாதத்துக்கு முன் அதில் பாதியைச் சபியா அக்காவின் தாழ்வாரத்தில் விதைத்தோம். தண்ணீர் ஊற்றும் பொறுப்பை நான் கேட்கவில்லை, அவரும் கொடுக்கவில்லை. இப்போது இரண்டு செடி இருக்கிறது, ஒரு சாண் உயரம். பூக்குமா என்று சொல்ல முடியாது. ஞாயிற்றுக்கிழமைகளில் எட்டு மணிக்குள் அங்கே போய்விடுகிறேன். இலையைப் பார்த்துவிட்டு வருகிறேன்.

அக்காவை இரவும் பகலும் கவனித்துக்கொண்ட மருத்துவர்களுக்கும் தாதியருக்கும் நன்றி. செய்தி கேட்டதும் வேலை நேரம் என்றும் பாராமல் வந்து நின்ற கையுறைத் தொழிற்சாலைத் தோழிகளுக்கும், சடங்குகளை முறையாக நடத்திவைத்த கோயில் குருக்களுக்கும், துக்க வீட்டுக்கு மூன்று நாளும் சாப்பாடு அனுப்பிய சபியா அக்கா குடும்பத்துக்கும் நாங்கள் என்றும் கடமைப்பட்டவர்கள். தன் தோழிக்குக் கொடுத்த வாக்கை அவர் இருக்கும் வரை காத்து, அவர் போன பிறகு எனக்காக அதை மீறியதற்கும் சபியா அக்காவுக்கு என் தனி நன்றி.

அக்கா, நீங்கள் அன்று கேட்டீர்கள். சொல்ல வேண்டியது இருந்தது. செடி செத்துப்போச்சு அக்கா. படம் நான் எடுத்ததில்லை.

இப்படிக்கு,
தங்கை